கோகிலாமணியின் இரைப்பை

இருபத்தாறு. கோகிலாமணியின் கையிலிருந்த டோக்கன் சீட்டில் இருபத்தாறு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பலகையில் பதினேழு என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்பது பேர் டாக்டர் அறைக்குள் போய் வரவேண்டும், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும், பைபாஸா ஸ்லீவா என்று. வியாழக்கிழமை ஆபரேஷன், இன்றைக்குத் திங்கள், இன்றைக்கும் வாயைத் திறக்காவிட்டால் தேதி போய்விடும், தேதி போனால் ஆடி போய்விடும், ஆடி போனால் ஆவணி முகூர்த்தங்கள் வந்து வரிசை கட்டி நிற்கும், அப்புறம் யார் வந்து படுப்பது? கல்யாணம் இல்லாத மாதத்தில்தானே கல்யாணத்துக்கு இனிப்புப் போடுகிறவள் வயிற்றைக் கிழித்துக்கொள்ள முடியும். நாற்பத்தாறு வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோயமுத்தூர் வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம், உன் இரைப்பையை எப்படி வெட்டட்டும் என்று கேட்டால் அவள் என்னத்தைச் சொல்வாள்? ஜாக்கெட்டா தைக்கிறார்கள், கழுத்து வட்டமா சதுரமா என்று சொல்லியனுப்ப? பதினெட்டு. அட, அதற்குள்ளாகவா. பெஞ்சு நல்ல பெஞ்சு, இரண்டு பக்கமும் கைப்பிடி இல்லை, இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். கைப்பிடி வைத்த நாற்காலியென்றால் அவள் எழும்போது அதுவும் கூடவே எழுந்து வரும். பேங்கில் ஒருமுறை வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருத்தர் விடாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அதற்குச் சிரித்துத் தொலைத்திருக்கலாம். இங்கே யாரோ ஒரு புண்ணியவான் அவளை மாதிரி ஆட்களை நினைத்து பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறான், அவன் நன்றாக இருக்கட்டும்.

கைப்பையைத் திறந்து, டாக்டர் இளவரசி போன வாரம் வரைந்து கொடுத்த தாளை மறுபடியும் எடுத்தாள். எத்தனை தடவை எடுத்தாயிற்று, மடிப்பில் கிழியப் பார்க்கிறது. மூன்று படம். முதல் படத்தில் ஒரு பைக்குள் ஒரு பந்து, அது பலூன், வாய் வழியாக உள்ளே இறக்கி நிரப்பிவிடுவார்கள், ஆறு மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள், கத்தியே கிடையாது. கத்தி கிடையாது என்றதுமே அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "இதே நல்லாருக்குதுங்களே டாக்டர்!" எடுத்த பிறகு பசி திரும்ப வரும், நிறையப் பேருக்கு எடையும் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் பல் அப்படியே உள்ளே போனது. பாவம் மனிதர், இருபத்து மூன்று வருஷமாக, "நீ இப்படியே இருந்தா இப்ப என்ன கெட்டுப்போச்சு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறவர், ஆபரேஷன் மேஜையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கிடந்து சாகிறார், வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டார். இரண்டாவது படம் வாழைப்பழம். அது ஸ்லீவ், இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் கணக்காகத் தைத்துவிடுவது. மூன்றாவதுதான் பைபாஸ், மேலே கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை, அதற்குக் கீழே இருக்கிற இரைப்பை வேலையில்லாமல் சும்மா கிடக்கும், குடலைத் தூக்கி வந்து அந்தச் சின்னப் பையில் சேர்த்துவிடுவார்கள். "வாய்க்கால்ல மடை மாத்தி உடற மாதிரிங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார். பதினொரு வருஷச் சர்க்கரை, படுத்தால் நெஞ்செரிச்சல், "என்னைக் கேட்டா பைபாஸ்தாம்மா. ஆனா வயிறு உங்களுது, தொழிலும் உங்களுது. யோசிச்சுட்டு வாங்க." யோசித்துவிட்டு வரவேண்டுமாம். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தால்தானே!

தொழில் என்று டாக்டர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. பைபாஸ் செய்துகொண்டால் இனிப்பு ஒத்துக்கொள்ளாது, ஒரு லட்டைத் தின்றால் குப்பென்று வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் புரட்டும், எல்லாருக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு. யாருக்குச் சொல்கிறார்? கோபி, சத்தி, அந்தியூர், பவானி, நாலு திக்கிலும் கல்யாணம் என்றால் "லட்டும் மைசூர்பாகும் கோகிலாமணியக்கா கைதான்" என்று மண்டபம் பிடிக்கும்போதே சொல்லிவைக்கிறார்களே, அவளுக்கு. இனிப்புக்காரி வாயில் இனிப்பு வைக்க முடியாது என்றால் அது என்ன பிழைப்பு? கேள்விப்பட்டவர்கள் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவார்களா? வீட்டில் அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டார்கள், ஸ்லீவ் என்று. சென்னியப்பனுடைய அக்கா, இவளுக்கு நங்கையா, பாப்பாத்தி காலையில் வண்டி அவிநாசியைத் தாண்டும்போது போன் போட்டு இன்னொரு தரம் உறுதி செய்தாள். "கோகிலா, ஸ்லீவுன்னே சொல்லிப்போடு. எங்க சம்பந்தி ஊட்டுப் புள்ளைக்கு அதுதான் பண்ணுனாங்க, இப்பப் பாரு, சுடிதார் போட்டுக்கிட்டு ஸ்கூட்டர்ல பறக்குது." சரிங்க நங்கையா என்றாள் இவள். "அந்தக் கொடலை எடம் மாத்தறது வேண்டாஞ்சாமி. ஆண்டவன் வெச்சதை எதுக்கு மாத்தோணும்?" அதற்கும் சரிங்க நங்கையா. ஆண்டவன் வைத்ததில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தால் ஆண்டவனுக்குச் சம்மதம், இடம் மாற்றினால் மட்டும் கோபித்துக்கொள்வானாக்கும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக நங்கையாவிடம் எதைக் கேட்டிருக்கிறாள்? இருபது. யாரோ ஒரு ஆள் உள்ளே போகிறார், அவளைவிடப் பெருத்தவர், கதவைத் தாண்டும்போது கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டார். தேவையே இல்லை, கதவு அகலம்தான், ஆனால் பழகிப்போகும். அவளுக்கும் பழகிப்போயிருக்கிறது.

நாக்கு. நாக்கு போனால் தொழில் போச்சு. சரி, நாக்கு என்ன செய்கிறது? இந்த நினைப்பு எங்கிருந்து வந்ததோ, வந்த வேகத்தில் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. இங்கே சாப்பாட்டுக் கணக்கெழுதச் சொல்லும் சிந்துஜா என்கிற பெண், ஆனி மாதம் முதல் தடவை வந்தபோது, ஒரு வாரத்துக்கு வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்களக்கா என்று ஒரு தாளைக் கொடுத்தாள். கோகிலாமணியும் ஒழுங்காக எழுதினாள், காலையில் இட்லி இரண்டு, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, கீரை, ராத்திரி ராகிக் களி ஒரு உருண்டை. சிந்துஜா படித்துவிட்டு, "இவ்வளவுதானாக்கா?" என்றாள். "சத்தியமாங்க கண்ணு." சத்தியமும் மனசாரத்தான் செய்தாள். அந்தப் பெண் எடை பார்க்கிற மிஷினைச் சந்தேகப்பட்டு வேறொரு மிஷினில் ஏற்றிப் பார்த்தது! அந்த வாரத்தில் மூன்று கல்யாணம். பாகு ஒரு சொட்டு, பூந்தி நாலு, நெய் பதமாக உருகியிருக்கிறதா என்று உள்ளங்கையில் விட்டு ஒரு நக்கு, மைசூர்பாகில் ஓரம் உதிர்ந்தது ஒரு துண்டு, லட்டு பிடிக்கும்போது ஏலக்காய் போதுமா என்று ஒரு கிள்ளு, அது போதவில்லை என்றால் போட்டுவிட்டு இன்னொரு கிள்ளு. ஒரு ஈட்டுக்கு ஆறு தடவை, ஒரு கல்யாணத்துக்கு ஏழு ஈடு. ஆறேழு நாற்பத்திரண்டு. அதில் ஒன்றைக்கூட அந்தத் தாளில் எழுதவில்லையே! ஒளித்தாளா? இல்லவே இல்லை. பதம் பார்ப்பது சாப்பாடு என்று எந்தச் சமையல்காரிக்காவது தோன்றுமா? சாப்பாடென்றால் தட்டு வேண்டும், உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்திலும் நின்றுகொண்டு நாற்பத்திரண்டு தடவை தின்றுவிட்டு ராகிக் களி ஒரு உருண்டை என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள் மகராசி. கோகிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை, பெஞ்சே குலுங்கியது.

"என்னங்க, சொன்னா நானும் சிரிப்பேன்ல" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர், பேர் அனுசுயா, மூன்று மாதத்துக்கு முன்னால் ஸ்லீவ் செய்துகொண்டு இப்போது காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாள், ஜாக்கெட் தோளில் தொளதொளத்துக் கிடந்தது. கோகிலாமணி சொன்னாள், டீச்சரும் சிரித்தாள், சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது கிலோ குறைந்திருக்கிறது என்று ஒரு புதுப்பணக்காரியின் வெட்கத்தோடு சொன்னாள். "நெஞ்செரிச்சல் மட்டும் கூடிப்போச்சுங்க. ரெண்டு தலையணை வச்சாத்தான் படுக்க முடியுது. ஆனா எனக்குச் சர்க்கரை இல்லை பாருங்க, அதனால ஸ்லீவே போதும்னுட்டாங்க. உங்களுக்கு உண்டா?" பதினொரு வருஷமாக உண்டு என்றாள் இவள். "அய்யோ. கால் மரத்துப்போகுமே?" இருபத்திரண்டு. மரத்துப்போகுமேவா? போன வருஷம் ஐப்பசியில் அடுப்பங்கரையில் விழுந்துகிடந்த தணலை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நின்றபடியே கூடமாட வேலை செய்யும் ராமாத்தாளிடம் முந்திரியை இன்னும் கொஞ்சம் சிவக்க வறுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தோல் கருகின வாடைதான் முதலில் வந்தது, முந்திரியைக் கருகவிட்டுவிட்டாளாக்கும் என்று ராமாத்தாளை அதட்டினாள், பார்த்தால் தன் கால். வலி என்று ஒன்று வரவே இல்லை. அந்தப் புண் ஆற நாலு மாதம். அந்த நாலு மாதத்தில்தான் ஆபரேஷன் என்கிற பேச்சே வீட்டில் எழுந்தது. கால் போனால் போகட்டும், காலாலா லட்டுப் பிடிக்கிறோம் என்று அப்போது நினைத்ததுண்டு. வாயால் சொல்லவில்லை, நினைத்தாள். காலாலா பிடிக்கிறோம், கையால்தானே. கை. வேண்டாம். அந்தப் பவானிக் கல்யாணத்தை இப்போது எதற்கு நினைக்க வேண்டும், டீச்சர் ஏதோ சொல்கிறாள், புரோட்டீன் பவுடர் என்கிறாள், சாக்லேட் மணம் வந்தால் குமட்டுகிறது என்கிறாள், ஆமாங்க, அப்படிங்களா, ஆமாங்க. இருபத்து மூன்று.

வேண்டாம் என்றால் நிற்கிறதா. ஆனி கடைசி முகூர்த்தம், பவானி, மைசூர்பாகுக்குப் பாகு கொதிக்கிறது. எப்போதும் போல விரலைத் தண்ணீரில் நனைத்துக் கரண்டி நுனியில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. பிசுபிசுப்புத் தெரியவில்லை, சூடு தெரியவில்லை, விரலுக்கு நடுவில் பாகு இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னொரு தரம் தொட்டாள். உறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது. கம்பி விழுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் விரலைத் தூக்கிக் கண்ணால் தேடினாள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணால், அவள் தேடிக்கொண்டு நின்ற நேரத்தில் பாகு பதம் தாண்டிப்போய்விட்டது. பன்னிரண்டு கிலோ மைசூர்பாகு கல்லாக இறுகியது. "கிளறச் சொன்னா எங்க பராக்குப் பார்த்துட்டு நின்னே?" என்று எல்லார் முன்னிலும் ராமாத்தாளைப் போட்டு வறுத்தெடுத்தாள். ராமாத்தாள் மறுபடி கடலை மாவைச் சலிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. தப்பு இவளுடையது. தெரிந்தே செய்த பாவம் அது. அதற்கப்புறம் சோறு பிசையும்போது, பூ தொடுக்கும்போது, ரிமோட்டை அமுக்கும்போது, ஒவ்வொரு தடவையும் விரலைச் சோதித்துக்கொண்டே இருக்கிறாள், ஒருநாள் தெரிகிறது, ஒருநாள் தெரியவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை, டாக்டரிடமும் விடவில்லை. சர்க்கரை விரலுக்கு ஏறிவிட்டது. அவ்வளவுதான். சொல்லியாயிற்று, மனசுக்குள்தான், ஆனாலும் சொல்லியாயிற்று, தலையில் இடி ஒன்றும் விழவில்லை.

விழவில்லை என்பது மட்டுமா, எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்துகொண்டது. நாற்பத்திரண்டு தடவை வாயில் போட்டாளே, அதில் ஒரு தடவையாவது நாக்கு சொல்லி ஒரு ஈடு பிழைத்திருக்கிறதா? மைசூர்பாகு நாக்குக்கு வரும்போது அது தட்டில் கொட்டி வில்லை போட்டு முடிந்துபோன கதை, அப்புறம் நாக்கு என்ன கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? பதம் என்பது அடுப்பில் இருக்கும்போதே கண்டுபிடிப்பது. அதைக் கண்டுபிடித்தது எது, முப்பது வருஷமாக? விரல். ஏலக்காய்க்கு மூக்கு போதும், பூந்திக்குக் காது போதும், எண்ணெயில் விழுகிற சத்தத்திலேயே மாவு நீர்த்திருக்கிறதா கெட்டியா என்று சொல்லிவிடுவாள், ஒரு வாய் ருசி பார்த்தே ஆகவேண்டும் என்றால் ராமாத்தாள் வாய் இருக்கிறது, கெட்டிக்காரி வாய். ஆனால் அவள் விரலுக்கு வேறு விரல் கிடையாது. அட கூறுகெட்டவளே, நாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று விரலைத் தொலைக்க இருந்தாயே! தொழிலுக்காக ஸ்லீவ், தொழிலுக்காக ஸ்லீவ் என்று வீடே பாட்டுப் பாடியது, அவளும் கூடச் சேர்ந்து பாடினாள், விரல் விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாட்டு எப்படி மாறும்? சர்க்கரையை அடக்குவதற்குப் பைபாஸ்தான் கை கொடுக்கும் என்று டாக்டர் நாலு தடவை சொன்னார். அந்த நாலு தடவையும் இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்கிற ஒன்றுதான் இவள் காதில் ஏறியது. ஒத்துக்கொள்ள வேண்டாம், சாமி. ஒத்துக்கொள்ளாமலே போகட்டும். நாற்பத்திரண்டும் நின்று தொலையட்டும். கோகிலாமணிக்கு உடம்பெல்லாம் சூடாக ஒரு சந்தோஷம் ஏறியது, எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது, டீச்சரின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், பாவம் அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் திருப்பி அழுத்தினாள். சென்னியப்பன் டீ குடித்துவிட்டு மீசையைத் துடைத்தபடி வந்து சேர்ந்தார். இருபத்தாறு.

டாக்டர் அறையில் நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததா இல்லையா என்றுகூட அவள் பார்க்கவில்லை. "முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று டாக்டர் இளவரசி கேட்டதும் சென்னியப்பன் முந்திக்கொண்டார். "ஸ்லீவ்தானுங்க டாக்டர். ஊட்ல எல்லாருமா பேசி..." கோகிலாமணி அவர் தொடையில் கையை வைத்தாள். "பைபாஸ் பண்ணிருங்க." சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "விரல் மரத்துப்போகுதுங்க டாக்டர். ஆனிக் கடைசியில இருந்து. பவானியில பாகு முறிஞ்சுது என்னாலதான், ராமாத்தா மேல பழியைப் போட்டுட்டேன். இவருகிட்டயும் சொல்லலீங்க." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் கையை வாங்கி, ஒவ்வொரு விரலையும் மெல்லிய இழை ஒன்றின் நுனியால் தொட்டு, தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டார். சிலது தெரிந்தது. சிலது தெரியவில்லை. "போன உணர்ச்சி திரும்ப வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா சர்க்கரை அடங்கினா மேற்கொண்டு போகாம நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கு. ஆயுசுக்கும் சத்து மாத்திரை உண்டு. இனிப்பு தொடக்கூடாது, அதையும் யோசிச்சீங்கல்ல?" "தொடுவனுங்க. திங்கத்தான் மாட்டேன்." டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பயமா இருக்கா?" "இருக்குதுங்க. ஆவணி இருபத்தேழாம் தேதி அடுப்புல நிக்கலாமுங்களா?" ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது, எல்லாம் சரியாக ஆறினால் நிற்கலாம், பாத்திரத்தை மட்டும் நீங்கள் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தில் பைபாஸ் என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே கோகிலாமணி தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, ஒரு எழுத்தையும் விடாமல்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் சுவரோரமாக நின்றுவிட்டார். கண் சிவந்திருந்தது. "விரலு போகுதுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல கோகிலா." சொல்லியிருக்கலாம். "சொன்னா நீங்க அடுப்பையே அணைச்சுப் போட்டிருப்பீங்க மாமா." அவர் அவள் வலது கையை எடுத்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற கூச்சமெல்லாம் இல்லாமல், தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்தக் கையின் கதகதப்பு கட்டைவிரலில் தெரிந்தது, சுண்டுவிரலில் தெரிந்தது, நடுவில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. முதல் வேலையாக வண்டியை ராமாத்தாள் வீட்டுக்கு விடுங்கள், அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நம் வீடு, அப்புறம் உங்கள் அக்காவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நங்கையா என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தாள். எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். அப்போது சென்னியப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர்தான் ஆர்டர் பேசுவார், எப்போதுமே. "ஆமாங்க, அவங்க ஊட்டுக்காரர்தானுங்க பேசறேன். ஆவணி கடைசியிலீங்களா? இல்லீங்க, இந்த வருசம் அவங்களுக்கு உடம்புக்குக் கொஞ்சம்..." கோகிலாமணி போனை அவர் காதிலிருந்து உருவிக்கொண்டாள்.

"கோகிலாமணிதானுங்க பேசறேன்" என்றாள். "சொல்லுங்க, எத்தனை எலைங்க?"